காற்று வலப்பக்கம் இருக்கட்டும்

பழைய பாய்மரப் படகு வாங்கப் போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் எஞ்சினைப் பற்றித்தான் கேட்பார்கள். அப்புறம் அடிப்பாகத்தில் ஈரம் ஏறியிருக்கிறதா, பாய் எத்தனை வருஷம் பழசு, உள்ளே மெத்தை பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று வரும். மாஸ்டை, அதாவது பாயைத் தாங்கும் மரத்தை, நிற்க வைத்திருக்கும் கம்பிகளைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. அவை பளபளவென்று இருக்கும். துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரே பாதிப் பேரை நம்ப வைத்துவிடும்.

நான் சவுத்தாம்ப்டனில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். தூத்துக்குடிக்காரி என்றால் கடல் அத்துப்படியாக இருக்கும் என்று இங்கே பலர் நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டில் கடலுக்கும் எங்களுக்கும் இருந்த உறவு மீன் வாங்குவதோடு சரி. பாய் பிடிக்கக் கற்றுக்கொண்டதெல்லாம் நாற்பது வயது தாண்டி, இங்கிலாந்தின் தென்கரைக்கும் வைட் தீவுக்கும் நடுவே உள்ள இந்தச் சோலன்ட் கடற்காலில்தான். ராயல் யாட்டிங் அசோசியேஷனின் 'டே ஸ்கிப்பர்' வகுப்பு வரைக்கும் முடித்திருக்கிறேன். அந்த வகுப்பில் நிறையச் சொல்லித்தந்தார்கள்: ஆள் தண்ணீரில் விழுந்தால் என்ன செய்வது, நீரோட்டக் கணக்கு எப்படிப் போடுவது, இரவில் விளக்குகளைப் பார்த்துக் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது. ஆனால் பள்ளிப் படகுகள் நன்றாகப் பராமரிக்கப்பட்டவை. கம்பி அறுந்தால் என்ன செய்வது என்ற பேச்சு அங்கே வரவே இல்லை. ஐம்பது வயதுப் படகு வாங்குகிறவருக்கு முதலில் வேண்டியது அந்தப் பாடம்தான்.

நானும் என் தம்பியும் பங்கு போட்டு வாங்கியது 1974-இல் கட்டிய வெஸ்டர்லி சென்டார். இங்கே எந்தச் சிற்றாற்று முகத்துவாரத்துக்குப் போனாலும் ஒன்றாவது கண்ணில் படும். லாரன்ட் ஜைல்ஸ் நிறுவனம் வடிவமைத்தது. 1969 முதல் 1980 வரை 2,400-க்கும் மேல் கட்டினார்கள். 26 அடி நீளம், ஏறக்குறைய 3 டன் எடை, அடியில் தண்ணீருக்குள் நீட்டியிருக்கும் கனமான கீல் ஒன்றுக்குப் பதில் இரண்டு. தண்ணீர் வற்றினால் சேற்றில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். வேகமான படகு இல்லை. காற்றை எதிர்த்துப் போகச் சொன்னால் முனகிக்கொண்டுதான் போகும். ஆனால் புதிதாகக் கற்றவர்களை மன்னிக்கிற படகு.

கம்பிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. எண்பதுகளில் எங்கள் ஊர் மொட்டைமாடிகளில் இலங்கை ரூபவாஹினி தெரிவதற்காக உயரமான குழாய் நட்டு, உச்சியில் ஆன்டெனா மாட்டி, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டியிருப்பார்கள். மாஸ்டும் அதே ஏற்பாடுதான். சென்டாரில் மாஸ்ட் படகின் அடிவரை இறங்குவதில்லை, மேல்தளத்தின் மீது சும்மா நிற்கிறது. முன்பக்கம் இழுப்பது ஃபோர்ஸ்டே, பின்பக்கம் பேக்ஸ்டே, இரண்டு பக்கவாட்டிலும் ஷ்ரவுட்கள். பக்கவாட்டுக் கம்பிகளில் உச்சி வரை போகும் ஒன்றுதான் முக்கியம். நடுவில் ஸ்ப்ரெட்டர் என்ற குறுக்குக் கை அதைக் கொஞ்சம் வெளியே தள்ளிப் பிடிக்கும். மற்றவை மாஸ்டின் நடுப்பகுதி வளையாமல் பார்த்துக்கொள்ளும்.

மொட்டைமாடிக் குழாயில் எல்லாக் கம்பியும் எப்போதும் விறைப்பாக இருக்கும். ஓடும் படகில் அப்படி இல்லை. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்துக் கம்பிதான் மாஸ்டைப் பிடித்திருக்கும். மறுபக்கத்துக் கம்பி தொய்ந்துபோய், விரலால் ஆட்டினால் ஆடும். காற்றில் நன்றாகச் சாய்ந்து ஓடும் 3 டன் படகில் காற்றுப் பக்கத்துக் கம்பிகள் சுமப்பது ஏறக்குறைய ஒரு டன் இருக்கும். அதே நேரத்தில் எதிர்ப் பக்கத்துக் கம்பிக்கு வேலையே கிடையாது. ஆகவே இடப்பக்கக் கம்பி பழுதானால், காற்று வலப்பக்கமிருந்து வரும்படி படகை வைத்துக்கொண்டால் போதும், மாஸ்ட் நிற்கும். புதிதாகப் படகோட்டுகிறவர் ஒன்றே ஒன்றை மனதில் வைத்துக்கொள்வதானால் நான் இதைத்தான் சொல்வேன்: இந்த நிமிஷம் எந்தக் கம்பி சுமக்கிறது என்று எப்போது கேட்டாலும் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

எங்களுக்கு அது நடந்தது ஒரு செப்டம்பர் காலையில். தம்பி ரெடிங்கிலிருந்து வந்திருந்தான். லிமிங்டனில் இரவு தங்கிவிட்டு, வைட் தீவின் மேற்கு முனையிலுள்ள நீடில்ஸ் பாறைகளைக் கிட்டத்தில் பார்க்கலாம் என்று கிளம்பினோம். தென்மேற்குக் காற்று, காற்றின் வலுவைச் சொல்லும் போஃபோர்ட் அளவில் 4. வற்றும் நீரோட்டம் மேற்கே இழுத்துக்கொண்டிருந்தது. காற்றும் நீரோட்டமும் எதிரெதிரே மோதினால் சோலன்டின் மேற்குப் பகுதியில் குட்டையான, செங்குத்தான அலைகள் எழும்பும். படகு ஒவ்வொன்றிலும் மூக்கை இடித்துக்கொண்டு போனது. நாங்கள் ஏறக்குறைய நேர்மேற்கே போய்க்கொண்டிருந்தோம், காற்று இடப்பக்கம்.

ஒரு பெரிய அலையில் இறங்கும்போது 'டிங்' என்றது.

"அக்கா, அது என்ன சத்தம்?"

"சமையல் பாத்திரமாக இருக்கும்டா."

"இல்லக்கா, வெளியே."

அவன் சொன்னது சரி. இடப்பக்க உச்சிக் கம்பி, கீழே முனைக்குள் நுழைகிற இடத்தில், ஒரு இழை மீசைபோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த அலையில் இன்னொன்று. அந்தக் கம்பி 19 தனி இழைகளை முறுக்கிச் செய்தது: நடுவில் 1, அதைச் சுற்றி 6, வெளியே 12. 5 மில்லிமீட்டர் தடிமனில் புதுசாக இருந்தால் சுமார் 2 டன் தாங்கும். இரண்டு இழை போனால் மீதிப் பதினேழு தாங்குமே என்று கணக்குப் போடக் கூடாது. ஒரே வயசு, ஒரே அசதி; முதலாவது அறுந்தால் அதன் பங்கு பக்கத்து இழைக்குப் போகிறது, அதுவும் ஏற்கெனவே விரிசல் விட்டதாக இருக்கும்.

முதலில் தோன்றுவது மாஸ்டுக்குப் பக்கத்தில் போய்க் கம்பியைப் பிடித்துப் பார்ப்பது. தம்பி எழுந்தேவிட்டான். "உட்காருடா" என்று கத்தினேன். மாஸ்ட் விழுவதானால் காற்று வீசும் திசையில், அதாவது எங்கள் வலப்பக்கமாக விழும். கம்பிகளும் குறுக்குக் கையும் அறுந்து ஆடும் பூமும் (பெரிய பாயின் அடியைப் பிடித்திருக்கும் தண்டு) எந்தப் பக்கம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. சுக்கானைத் திருப்பும் டில்லரைத் தள்ளினேன். படகு காற்றை முகத்தில் வாங்கி, ஒரு நொடி தயங்கி, மறுபக்கம் திரும்பியது. இப்போது காற்று வலப்பக்கம். இடப்பக்கக் கம்பி தொய்ந்தது. அறுந்த இழைகள் காற்றில் ஆடின, அவ்வளவுதான். இரைச்சலும் குறைந்த மாதிரி இருந்தது, உண்மையில் குறையவில்லை.

இதில் அதிர்ஷ்டமும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. தென்மேற்குக் காற்றில் அப்படித் திரும்பினால் படகின் மூக்கு தெற்கே, வைட் தீவைப் பார்க்கும். அங்கே நேர் எதிரே யார்மத் துறைமுகம். காற்று வேறு திசையாக இருந்திருந்தால், கம்பிக்குப் பாதுகாப்பான பக்கம் எங்களை நேராக மணல்திட்டில் கொண்டுபோய் விட்டிருக்கலாம். அப்போது என்ன செய்வது? பாயை இறக்கிவிட்டு எஞ்சின். அதுவும் இல்லையென்றால் நங்கூரம். சோலன்டின் பெரும்பகுதியில் நங்கூரச் சங்கிலிக்கு எட்டும் ஆழம்தான். சோலன்டின் மேற்கு வாசலான ஹர்ஸ்ட் குறுக்கத்தில் மட்டும் கடல் சடாரென்று ஆழமாகும், பெரிய நீரோட்ட நாளில் தண்ணீர் மணிக்கு 4 கடல் மைலுக்கு மேல் ஓடும். எட்டாம் ஹென்றி அங்கே கோட்டை கட்டியது சும்மா இல்லை; அந்தக் குறுகிய வாசலைப் பிடித்தால் சோலன்டின் மேற்கு வழி கைக்குள். வற்றும் நீர் எங்களை அந்த வாசலை நோக்கித்தான் இழுத்துக்கொண்டிருந்தது. ஆகவே நின்று யோசிக்க நேரம் கிடையாது. கம்பியைப் பார்க்கிறபோது கடலை மறந்துவிடக் கூடாது.

எஞ்சினைப் போடுவதற்கு முன் தண்ணீரில் கயிறு எதுவும் தொங்குகிறதா என்று இரண்டு பக்கமும் பார்க்கச் சொன்னேன். இது ரொம்ப முக்கியம். பதற்றத்தில் விட்ட கயிறு ப்ரொப்பல்லரில் சுற்றிக்கொண்டால் பாயும் போய் எஞ்சினும் போய்விடும். முன்பாயைச் சுருட்டினோம். பெரிய பாயை இறக்கக் காற்றை நேர்முகமாக வாங்க வேண்டும்; அப்போது பளு முன் பின் கம்பிகளுக்குப் போகும், பக்கக் கம்பிகள் தப்பிக்கும். ஆனால் அலையில் படகு உருளும்போது பாயே இல்லாத மாஸ்ட்கூடத் தன் எடையால் இடமும் வலமும் இழுக்கும். பாய் இறக்கியாகிவிட்டது, இனி ஆபத்தில்லை என்று விட்டுவிட முடியாது. அலைகளைக் குறுக்கே வாங்காமல், கொஞ்சம் சுற்றியானாலும் மெல்ல யார்மத்துக்குள் நுழைந்தோம். ரேடியோவில் 68-ஆம் சேனலில் துறைமுகத்தைக் கூப்பிட்டு, மாஸ்ட் கம்பி பழுது, சுலபமாகக் கட்டும் இடம் வேண்டும் என்றேன். ஒரு படகில் வந்து முன்கயிற்றை வாங்கிக்கொண்டார்கள்.

கடலோரக் காவல்படையைக் கூப்பிட வேண்டுமா என்று தம்பி நடுவில் கேட்டான். எஞ்சின் நின்றிருந்தால் கூப்பிட்டிருப்பேன். 16-ஆம் சேனலில் 'பான்-பான்' என்று மூன்று முறை சொல்லி ஆரம்பிப்பது, உயிராபத்து இன்னும் இல்லை, ஆனால் நிலைமை மோசமாகலாம் என்பதற்கு. 'மேடே' உயிருக்கே ஆபத்து என்றால். புதிதாக வருகிறவர்கள் பான்-பான் சொல்லக் கூச்சப்படுகிறார்கள், யாரையோ தொந்தரவு செய்கிறோம் என்று. மாஸ்ட் விழுந்தால் அதன் உச்சியில் இருக்கிற ரேடியோ ஆன்டெனாவும் தண்ணீருக்குள் போய்விடும். பெரிய ரேடியோ வேலை செய்யும்போதே நிலைமையைச் சொல்லிவைப்பது நல்லது. அப்புறம் கையிலிருக்கும் சின்ன ரேடியோவின் எட்டும் தூரம்தான் மிச்சம்.

யார்மத்தில் கட்டிய பிறகு வெள்ளை பிளாஸ்டிக் உறையை மேலே தள்ளிப் பார்த்தோம். பாய்கள் உரசிக் கிழியாமலிருக்க ஷ்ரவுட்களின் கீழ்ப்பாதியில் மாட்டும் உறை அது. மூன்று இழைகள் அறுந்திருந்தன. மூன்றும் கம்பி முனைக்குள் நுழையும் விளிம்பில். கம்பியை ஒரு எஃகுக் குழலுக்குள் விட்டுப் பெரிய அழுத்தத்தில் நசுக்கிப் பிடிக்க வைக்கிறார்கள், அதை ஸ்வேஜ் என்பார்கள். கீழ்முனையின் வாய் வானத்தைப் பார்த்து இருப்பதால் உப்புத்தண்ணீர் அதற்குள் இறங்கித் தங்கிவிடும். துருப்பிடிக்காத எஃகுக்குத் தன்மேல் மெல்லிய படலத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் காற்றின் ஆக்சிஜன் வேண்டும். மூடிய இடுக்கில் தேங்கிய உப்புநீரில் அது கிடைக்காது, அரிப்பு ஆரம்பிக்கும். அதற்குமேல் வருஷக்கணக்காக அலையில் நெளிந்து நெளிந்து உலோகம் அசந்துபோகிறது. இரண்டும் சேரும் இடம் அந்த விளிம்பு. அதனால்தான் கம்பிகள் நடுவில் அறுவது அபூர்வம், அநேகமாக முனையில்தான்.

ஹேம்பிளில் எங்கள் நிறுத்துமிடம். மாஸ்ட், கம்பி வேலை பார்க்கும் ரிக்கரும் அங்கேதான் இருக்கிறார். யார்மத்திலிருந்து கால்ஷாட் முனை வரை சுமார் 10 கடல் மைல், அப்புறம் கொஞ்சம் வடக்கே. படகை யார்மத்திலேயே விட்டுவிட்டு ரிக்கரை வரவழைப்பது பாதுகாப்பான வழி. முன்னறிவிப்பு 5, 6 என்று இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்போம். மறுநாளுக்குத் தென்மேற்கு 3 என்றிருந்தது. கிழக்கே போனால் காற்று வலப்பக்கப் பின்புறம் விழும், ஏறும் நீரோட்டமும் கிழக்கேதான் தள்ளும். அலை தணிந்திருக்கும். போகலாம் என்று முடிவு செய்தோம், ஆனால் மாற்றுக் கம்பி இல்லாமல் இல்லை.

மாற்றுக் கம்பி என்றால் மாஸ்ட் உச்சியில் சும்மா கிடந்த ஹால்யார்ட் கயிறு. பாயை ஏற்றும் கயிறுதான் ஹால்யார்ட். அதன் முனையை இடப்பக்க ஷ்ரவுட் கட்டியிருக்கும் அதே இரும்புப் பிடிமானத்துக்கு ஷாக்கிள் என்ற இரும்புக் கொளுவி போட்டு மாட்டி, மறுமுனையை வின்ச் என்ற கயிறு இறுக்கும் உருளையில் இறுக்கினோம். எந்தப் பிடியில் கட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். ஓரத்தில் ஆள் விழாமலிருக்க நட்டிருக்கும் குட்டைத் தூண்களில் கட்டினால் அவை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஷ்ரவுட்டுக்குக் கிடைக்கும் குறுக்குக் கையின் உதவி இந்தக் கயிற்றுக்கு இல்லை. மாஸ்டை ஒட்டிக் குறுகிய கோணத்தில் இறங்குகிறது, அதனால் பிடிப்பு குறைவு. சாதாரண பாலியெஸ்டர் கயிறு இழுபடவும் செய்யும். ஆகவே அதை நம்பிப் பாயை விரிக்கக் கூடாது. உருளும் மாஸ்டைத் தாங்க அது போதும்.

கம்பிக்குமேல் கிளிப் போட்டு ஒட்டுப்போடலாமே என்று பக்கத்துப் படகிலிருந்த பெரியவர் ஒருவர் சொன்னார். இரும்புக் கடையில் கிடைக்கும் யூ வடிவக் கிளிப்புகள். வளையும் கம்பிக்கு அவை சரி. எங்கள் வகைக் கம்பி விறைப்பானது, வழவழப்பானது. வளைத்தால் நிரந்தரமாக மடிந்துவிடும், கிளிப் வழுக்கும். டைனீமா கயிறு கையில் இருந்தால் நல்லது, அதே தடிமனில் எஃகைவிட அதிகம் தாங்கும், இழுபடவும் இழுபடாது. எங்களிடம் அன்று இல்லை. இப்போது இருக்கிறது.

பயணத்தில் பெரிய பாயை எடுக்கவே இல்லை. காற்று பின்னாலிருந்து வரும்போது ஒரு சின்னக் கவனக்குறைவில் பூம் தடாலென்று மறுபக்கம் பாயும். பாய்ந்தால் காற்று இடப்பக்கம் ஏறி, அத்தனை வேகமும் அந்தப் பழுதான கம்பியில் ஒரே அடியாக விழும். முன்பாயைப் பாதி மட்டும் விரித்து, தம்பியிடம் காற்றுக் கொடியைப் பார்த்துக்கொண்டிருப்பதை மட்டும் வேலையாகக் கொடுத்தேன். "வலப்பக்கம்தான்" என்று அவ்வப்போது அறிவித்துக்கொண்டே வந்தான், கோயிலில் சங்கு ஊதுகிறவர் தோரணையில். நீரோட்டமும் சேர்ந்து தரையைப் பொறுத்து மணிக்கு ஆறு கடல் மைல் வேகம். வைட் தீவின் வடகரையிலுள்ள கவ்ஸ் வருவதற்குள் இட்லியும் மிளகாய்ப்பொடியும் காலி.

சிக்கல் கால்ஷாட்டில் இருக்கிறது என்று வரைபடத்தைப் பார்த்தபோதே தெரிந்திருந்தது. அதுவரை கிழக்கே போன படகு அங்கே சவுத்தாம்ப்டன் வாட்டர் என்ற கடல்வாய்க்குள் வடமேற்காகத் திரும்ப வேண்டும். திரும்பினால் அதே தென்மேற்குக் காற்று இடப்பக்கத்துக்கு வந்துவிடும். காற்று மாறவில்லை, நாம்தான் திரும்புகிறோம். கம்பிக்கு இரண்டும் ஒன்றுதான். போதாததற்கு அந்த முனையில்தான் பெரிய சரக்குக் கப்பல்கள் வளைகின்றன. 150 மீட்டருக்கு மேல் நீளமான கப்பல் வந்தால் அதன் முன்னால் 1,000 மீட்டர், இரு பக்கமும் 100 மீட்டர் தூரத்துக்குள் நம்மைப்போன்ற படகுகள் போகவே கூடாது என்பது விதி. கப்பல்கள் பேசும் 12-ஆம் சேனலைக் கேட்டுக்கொண்டே வந்தோம். திருப்பத்துக்கு நன்றாக முன்பே முன்பாயைச் சுருட்டி, எஞ்சினைப் போட்டு, ஹால்யார்டை இன்னொரு சுற்று இறுக்கி, ஆழமில்லாத ஓரமாக ஒதுங்கிப் போனோம். ஒரு கப்பல் எழுப்பிவிட்டுப் போன அலை வந்தபோது படகை அலைக்கு நேராகத் திருப்பி வாங்கினேன். மாஸ்ட் அசைந்தது. கயிறு முறுகியது. அவ்வளவே.

முன் கம்பியோ பின் கம்பியோ போனால் இதே யோசனைதான், திசை மட்டும் வேறு. ஃபோர்ஸ்டே அறுந்தால் உடனே காற்றோடு திரும்ப வேண்டும். அப்போது காற்றே மாஸ்டை முன்னால் தள்ளி, பின்கம்பியும் பின்பக்கம் இழுக்கும் ஷ்ரவுட்களும் பிடித்துக்கொள்ளும். மாஸ்ட் பின்னால் சாய்வதைத்தான் ஃபோர்ஸ்டே தடுத்தது, அந்தத் தேவை இப்போது இல்லாமல் போகிறது. முன்பாயின் விளிம்புக் கம்பியும் ஹால்யார்டும் கொஞ்ச நேரம் தாங்கும், அதனால் முன்பாயை அவசரப்பட்டு இறக்கக் கூடாது. வேறு ஹால்யார்டை மூக்கில் கட்டிய பிறகே இறக்க வேண்டும். பேக்ஸ்டே அறுந்தால் நேர் எதிர்: காற்றை நோக்கித் திரும்பி, பெரிய பாயை உள்ளே இழுக்கும் ஷீட் கயிற்றை இறுக்கிப் பிடித்தால் பாயின் பின்விளிம்பே தற்காலிகப் பின்கம்பியாகிவிடும்.

மாஸ்டே விழுந்துவிட்டால்? முதலில் தலைகளை எண்ண வேண்டும். அப்புறம் விழுந்த மாஸ்டின் முறிந்த முனை படகின் வயிற்றைக் குத்துகிறதா என்று பார்க்க வேண்டும். குத்தினால் கழற்றி விட்டுவிடுவதைத் தவிர வழியில்லை. எல்லோரும் போல்ட் கட்டர் வாங்கி வைக்கிறார்கள். ஆடும் படகில் விறைப்புக் கம்பியை அதனால் வெட்டுவது வீடியோவில் தெரிவதுபோல் சுலபமில்லை. கம்பிகளைக் கோத்திருக்கும் பின்களை இடுக்கியால் இழுத்து, சுத்தியலால் தட்டி எடுப்பது பெரும்பாலும் வேகமான வழி. மாஸ்ட் போன படகு முன்பைவிட வெடுக்கு வெடுக்கென்று உருளும். உயரத்தில் இருந்த அந்த எடைதான் உருளலை மெதுவாக்கிக்கொண்டிருந்தது. நிற்கவே முடியாது, உட்கார்ந்தேதான் வேலை செய்ய வேண்டியிருக்கும்.

அந்த நிலையிலும் படகு மிதக்கும்வரை அதை விட்டு இறங்கக் கூடாது என்பதற்கு 1979 ஃபாஸ்ட்னெட் பந்தயத்தை இங்கே எல்லோரும் சொல்வார்கள். புறப்பட்ட 303 படகுகளில் 24 கைவிடப்பட்டன. மூழ்கியவை 5. பந்தயத்தில் இருந்தவர்கள் 15 பேர் இறந்தார்கள். உயிர்காப்பு ரப்பர் தெப்பத்துக்கு மாறியவர்களில் சிலர் உயிரிழந்தார்கள், அவர்கள் விட்டுவந்த படகு பின்னால் மிதந்துகொண்டு கிடைத்தது.

நம் ஆள் ஒருவரையும் சொல்ல வேண்டும். இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி 2018-இல் கோல்டன் குளோப் பந்தயத்தில் தனியாக உலகைச் சுற்றப் போனார். செப்டம்பரில் தென் இந்தியப் பெருங்கடல் புயலில் அவருடைய 'துரியா' உருண்டு மாஸ்ட் முறிந்தது, அவருக்கு முதுகெலும்பில் பலத்த அடி. அசைய முடியாமல் படகுக்குள்ளேயே கிடந்தார். அதே புயலில் மாஸ்ட் இழந்த அயர்லாந்துக்காரர் கிரெகர் மெக்ககின், கையில் கிடைத்ததைக் கொண்டு ஒரு தற்காலிக மாஸ்டைக் கட்டி இவரை நோக்கி வர முயன்றார். கடைசியில் பிரான்ஸின் மீன்வளக் கண்காணிப்புக் கப்பல் ஒன்று காப்பாற்றியது. டோமி அடுத்த பந்தயத்திலும் போய் 2023-இல் இரண்டாவதாக வந்தார். முதுகில் டைட்டானியத்தோடு. எனக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை, கவ்ஸில் ஐஸ்கிரீம் போதும்.

ரிக்கர் கம்பியைப் பார்த்ததும், "இது ஒன்றை மட்டும் மாற்றித் தரமாட்டேன்" என்றார். எல்லாம் ஒரே வயசு, எல்லாம் ஒரே உப்பைக் குடித்தவை. மாஸ்டை இறக்கிப் பார்த்தபோது வலப்பக்கத்து முனை ஒன்றிலும் தலைமுடி அளவு விரிசல். வசந்தத்தில் நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது அது இல்லை. அறுந்த முனையைக் கேட்டு வாங்கி நீளவாக்கில் பிளந்து எங்கள் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தேன். வெளியே அறுந்தவை மூன்று என்றால் உள்ளே நசுங்கிய பகுதியில் இன்னும் பல இழைகள் பாதி வெடித்துப் பழுப்பாக இருந்தன. அதைக் கண்ணால் கண்டுபிடிக்க வழியே இல்லை. இங்கே பல இன்சூரன்ஸ் நிறுவனங்கள் பத்து வருஷம் தாண்டிய கம்பிகளை மாற்று, அல்லது ரிக்கரிடம் சான்று வாங்கு என்பதை முன்பு பணம் பிடுங்கும் வேலை என்று நினைத்திருந்தேன்.

கண்ணுக்குத் தெரிகிறவற்றையாவது பார்க்க வேண்டும் என்றால், கம்பி நெடுக ஒரு பஞ்சுத் துண்டை ஓட்டிப் பாருங்கள், கையை வைக்க வேண்டாம்; அறுந்த இழை பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். முனையிலிருந்து பழுப்புக் கசிவு, வளைந்த திருகு, காணாமல் போன சின்ன ஸ்ப்ளிட் பின், குறுக்குக் கையின் நுனி. மாஸ்ட் நிற்கும்போது, வாங்குமுன் படகைச் சோதிக்கும் சர்வேயர்கள் பெரும்பாலும் மேலே ஏறமாட்டார்கள், அறிக்கையின் கடைசியில் சின்ன எழுத்தில் அதைச் சொல்லியும் இருப்பார்கள். கம்பி மாற்றிய ரசீதைத் தேதியோடு கேளுங்கள். ரசீது இல்லையென்றால் புதுக் கம்பியின் விலையைப் படகு விலையிலிருந்து கழித்துப் பேரம் பேசுங்கள்.

புதுக் கம்பிகளுக்குக் கீழ்முனையில் ஸ்வேஜுக்குப் பதில், ஸ்பேனரால் முடுக்கும் ஸ்டா-லாக் முனை போட்டோம். விலை கூடுதல், ஆனால் திறந்து பார்க்கலாம், நாமே மாட்டவும் செய்யலாம். இறுக்கத்தை அளக்க ரிக்கர் சொல்லித்தந்த வழிக்குக் கருவியே வேண்டாம்: தளர்வாக இருக்கும்போது கம்பியில் 2 மீட்டர் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். இறுக்கும்போது அந்த 2 மீட்டர் ஒரு மில்லிமீட்டர் நீண்டால் கம்பி தாங்கும் எல்லையில் 5 சதவீத இறுக்கம். மூன்று மில்லிமீட்டர் என்றால் 15, உச்சிக் கம்பிக்கு அது போதும். புதுக் கம்பி முதலில் கொஞ்சம் அமர்ந்துகொடுக்கும், அதனால் இன்னொரு முறை அளக்க வேண்டும். சனிக்கிழமை தம்பி வருகிறான். இரண்டு மீட்டர் மடக்கு அளவுகோல் அவனிடம்தான் இருக்கிறது, மறக்காமல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன்.